கிறிஸ்மஸ் வேலை: எங்கள் வீட்டில் வருஷா வருஷம் கேட்கிற கேள்விகள்

கார்த்திகை மழை கொஞ்சம் விட்டதும் எங்கள் வீட்டு போன் அடிக்க ஆரம்பித்துவிடும். சென்னையிலிருந்து சித்தி மகள், பெங்களூரிலிருந்து தம்பி, துபாயிலிருந்து அத்தானின் பிள்ளைகள். ஸ்டாருக்கு எத்தனை குச்சி, பாகு எந்தப் பதம், அச்சு ஏன் ஒட்டுகிறது. போன வருஷம் கேட்டதையே இந்த வருஷமும் கேட்பார்கள். சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு அலுத்துப்போய், "எழுதி வச்சிரு, படிச்சுக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டாள். அப்பாவுக்குச் சொந்த ஊர் சாத்தான்குளத்துப் பக்கம், தேரிக்காடு என்கிற செம்மணல் காட்டு ஓரம். அம்மா பிறந்து வளர்ந்தது மார்த்தாண்டத்துப் பக்கம். அதனால் இதில் இருப்பது பாதி திருநெல்வேலிக் கை, பாதி கன்னியாகுமரிக் கை.

வேலையை எப்போது ஆரம்பிக்க வேண்டும்?

நவம்பர் கடைசி வாரம். வெள்ளையடிப்பதுதான் முதல் வேலை, அதற்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல வெயில் வேண்டும். எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் விடாது என்பதால் வெயில் தலைகாட்டிய அன்றே சுண்ணாம்பு வாளியைத் தூக்கிவிடுவோம். கேக்குக்குப் பழம் ஊறப்போடுவதும் அதே வாரம்தான். டிசம்பர் 1 இரவு ஸ்டார் எரிய வேண்டும். 14-ஆம் தேதி குடிலுக்கு, அதாவது இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகள் வைத்துக் காட்டுகிற அலங்காரத்துக்கு, புல் விதைக்க வேண்டும். 16, 17-இல் அரிசி இடித்து மாவு வறுத்துவிட்டால், 19 முதல் 22 வரை அடுப்பு. 23 வீடு கழுவ, மரம் வைக்க. 24 இரவு ஆராதனைக்குப் போகும்போது கையில் எண்ணெய் வாசம் இருக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். நான் பிறந்ததிலிருந்து இந்தச் சட்டம் ஒரு தடவைகூட நிறைவேறியதில்லை.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யத்தான் வேண்டுமா?

வேண்டாம். ஆச்சி காலத்தில் செய்தார்கள் என்றால் வீட்டில் பதினோரு பேர் இருந்தார்கள், பக்கத்து வீட்டுப் பெண்களும் மாவு சலிக்க வந்தார்கள். இப்போது நாங்கள் கையால் செய்வது மூன்றே மூன்று: ஸ்டார், முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு. தம்பி குடும்பம் வந்துவிட்டால் குடிலும் கேக்கும் சேரும். மற்றதெல்லாம் கடை. அல்வா வேண்டுமென்றால் முதலூருக்கே ஆள் அனுப்பிவிடுவோம். 1799-இல் கிறிஸ்தவர்களுக்கென்று உண்டான ஊர் அது. தேங்காய்ப்பால் விட்டுக் கிண்டும் மஸ்கோத் அல்வாவை அந்த ஊர்க்காரர்கள் செய்வதுபோல நம்மால் வீட்டில் கிண்ட முடியாது. ஒரு வருஷம் முயற்சி செய்தோம். அந்த உருளியை ஊறவைத்துச் சுரண்டியதில்தான் 24-ஆம் தேதி மத்தியானம் போயிற்று.

ஸ்டாருக்கு எத்தனை குச்சி வேண்டும்? எப்படிக் கட்டுவது?

ஐந்து முனை ஸ்டாருக்குப் பத்து நீளக் குச்சி, ஐந்து குட்டைக் குச்சி. மூங்கில் பிளாச்சுதான் நல்லது. அரை அங்குல அகலம் போதும். முந்தின நாள் இரவே தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிடுங்கள், வளைத்தால் ஒடியாது.

நடுவீட்டுக்கு மூன்றடிக் குச்சி எடுப்பாகத் தெரியும். 36 அங்குலக் குச்சியில் இரண்டு முனையிலிருந்தும் 13¾ அங்குலம் அளந்து பென்சிலால் கோடு போடுங்கள். நடுவில் 8½ அங்குலம் மிஞ்சும். மற்றக் குச்சிகள் குறுக்கே வரவேண்டிய இடம் அந்த இரண்டு கோடுகள்தான். இதைச் செய்யாமல் கண் பார்வையில் கட்டினால் ஒரு கால் நீண்டு ஒரு கால் குட்டையாகி, ஸ்டார் நொண்டும். வேறு நீளம் என்றால் குச்சியின் நீளத்தை 0.382-ஆல் பெருக்கினால் கோடு எங்கே என்று தெரியும். என் மருமகன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது கணக்குப் போட்டுச் சொன்ன எண் அது. அப்பா மட்டும் இன்னும் ஜாணும் விரற்கடையும் வைத்துத்தான் அளக்கிறார். அவருக்கும் சரியாகத்தான் வருகிறது.

ஐந்து குச்சியை ஒன்றன் மேல் ஒன்று, ஒன்றன் கீழ் ஒன்று என்று பாய் முடைவதுபோல மாற்றி மாற்றிக் கோத்து, ஐந்து முனையையும் சணல் நூலால் கட்டுங்கள். இதேபோல இன்னொன்று. இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து முனைகளை மட்டும் சேர்த்துக் கட்டிவிட்டு, உள்ளே குச்சிகள் வெட்டுகிற ஐந்து இடத்திலும் ஏழு அங்குலக் குட்டைக் குச்சியை நெம்பி நிறுத்த வேண்டும். முதல் குச்சி லேசாகப் போகும். ஐந்தாவதை நிறுத்தும்போது மொத்தச் சட்டமும் வில் மாதிரி விறைக்கும், ஒரு ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். குட்டைக் குச்சி நழுவாமலிருக்க இரண்டு நுனியிலும் கத்தியால் சிறு வாய் வெட்டி நூல் போட்டு இறுக்குங்கள். பழைய சைக்கிள் ட்யூபை நாடா மாதிரி கத்தரித்துக் கட்டினால் நூலைவிடப் பிடிப்பு அதிகம்.

காகிதம் எத்தனை துண்டு வெட்டுவது?

22. முன்பக்கம் ஐந்து முக்கோணம், நடுவில் ஓர் ஐங்கோணம், பின்பக்கமும் அதேபோல ஆறு, பக்கவாட்டில் பத்து ஒடுங்கிய முக்கோணம். எல்லாத் துண்டுக்கும் சுற்றி அரை அங்குலம் மடிப்பு விடுங்கள். முதலில் செய்தித்தாளை வைத்து அளவு எடுத்துக்கொண்டு, பிறகு நல்ல காகிதத்தில் கத்தரி போடுங்கள். மேல்காலில் பக்கவாட்டுத் துண்டு ஒன்றை மட்டும் ஒட்டாமல் விட வேண்டும், பல்பு மாட்டுகிற வாசல் அது. ஒரு வருஷம் தம்பி ஆர்வத்தில் 22-ஐயும் ஒட்டி முடித்துவிட்டு, பல்பைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டாரைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

நிறம் அவரவர் இஷ்டம். வெள்ளைப் பட்டக் காகிதத்தில் நடுவில் மட்டும் சிவப்பு என்பது எங்கள் வீட்டு வழக்கம். கண்ணாடித்தாள் பகலில் மினுக்கும், இரவில் உள்ளே இருக்கும் பல்பும் ஒயரும் அப்படியே தெரியும். எனக்குப் பிடிக்காது.

பசை?

ஒரு டம்ளர் மைதா, ஐந்து டம்ளர் தண்ணீர். மைதாவைப் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டினால் கண்ணாடி மாதிரி வரும், அப்போது இறக்குங்கள். பூச்சியும் எலியும் தின்னாமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவது பழைய வழக்கம். அது விஷம். பிள்ளைகள் ஒட்டுவதாக இருந்தால் போடவே வேண்டாம். போட்டிருந்தால் அந்தப் பாத்திரம் திரும்பச் சமையலறைக்கு வரக் கூடாது.

மழை வந்தால் ஸ்டார் என்ன ஆகும்?

காகிதம் போய்விடும். சட்டம் நிற்கும். திண்ணைக் கூரைக்கு உள்ளே ஒரு முழம் தள்ளிக் கட்டினால் சாரல் அவ்வளவாக அடிக்காது. ஒயரை ஹோல்டருக்கு நேராக இறக்காமல், ஹோல்டருக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற்றுங்கள். ஒயரில் வழிகிற தண்ணீர் தொங்கலில் சொட்டிவிடும், ஹோல்டருக்குள் போகாது. பல்பு எல்இடி-தான். முன்பு 60 வாட் குண்டு பல்பு போட்டு, காகிதம் பழுத்துக் கருகி, நாலைந்து நாளில் மேல்காலில் ஓட்டை விழும்.

2023-ஐச் சொல்லாமல் விட முடியாது. டிசம்பர் 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஆராதனைக்குப் போகும்போதே மழை கனத்துவிட்டது. மறுநாள் காலை வரைக்கும் ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. அளவுக்குப் பெய்ததாகப் பிறகு செய்தியில் சொன்னார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு நின்றுபோன அதே இரவு. எங்கள் வீட்டில் தண்ணீர் திண்ணைப் படி ஏறி, நடுவீட்டில் முழங்கால் வரை நின்றது. இடித்து வறுத்து வைத்திருந்த அரிசிமாவு டின்னைத் தூக்கி மேலே வைக்கத் தோன்றவில்லை, பைபிளையும் பத்திரங்களையும்தான் தூக்கினோம். காலையில் பார்த்தால் டின் கவிழ்ந்து, மாவு தரையெல்லாம் கோலம் அழிந்தது மாதிரி கிடந்தது.

கரண்ட் இல்லை, பால் இல்லை. தண்ணீர் வடிந்த பிறகும் சேறு வழித்து முடிய நாலு நாள் ஆயிற்று. ஸ்டாரில் காகிதம் ஒரு துண்டு இல்லை, எலும்பு மாதிரி சட்டம் மட்டும் தொங்கியது. 24-ஆம் தேதி சாயங்காலம் அப்பா ஒன்றும் பேசாமல் ஏணி போட்டு ஏறி, எமர்ஜென்சி விளக்கை அந்தச் சட்டத்துக்குள் கட்டிவிட்டார். சுவரில் ஸ்டாரின் நிழல் வீட்டை விடப் பெரிதாக விழுந்தது. அந்த வருஷம் செய்த ஒரே பலகாரம், எதிர்வீட்டு மதினி கொடுத்த இரண்டு படி மாவில் சுட்ட ஓர் ஈடு அச்சு முறுக்கு.

குடிலுக்குப் புல் எப்படி வளர்ப்பது?

முதலில் ஒரு விஷயம். நாங்கள் சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட் சபை. சின்ன வயதில் எங்கள் வீட்டில் குடில் கிடையாது. தம்பி கட்டிய பெண் கத்தோலிக்கக் குடும்பம், அவள் வந்தபிறகு குடிலும் வந்தது. முதல் வருஷம் ஆச்சி "இதென்ன புதுசா" என்றார். இரண்டாம் வருஷம் அவரே ஒட்டுத்துணியில் மாதாவுக்கு முக்காடு தைத்துக் கொடுத்தார். அசிசி பிரான்சிஸ் 1223-இல் இத்தாலியில் கிரெச்சோ என்ற ஊரில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி வைத்த முன்னணைதான் (மாட்டுக்குத் தீனி வைக்கிற தொட்டி) குடில் வழக்கத்துக்கு முன்னோடி என்று அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

புல்லுக்குக் கோதுமை. ஒரு கை அள்ளி இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் ஈரத்துணியில் கட்டி முளை எட்டிப்பார்த்ததும், அகலத் தட்டில் மண் பரப்பி நெருக்கமாகத் தூவுங்கள். மேலே மண் போட வேண்டாம். இரண்டு நாள் இருட்டில் மூடி வைத்துவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் பத்து நாளில் நாலைந்து விரற்கடை உயரம் நிற்கும். 14-ஆம் தேதி விதைக்கச் சொல்வது அதனால்தான். முன்கூட்டி விதைத்தால் 24-க்குள் மஞ்சளாகிச் சாய்ந்துவிடும், தெளித்த தண்ணீர் கூடினால் அழுகல் வாடை வரும். புல் தாழ்வாக, பொடியாக வேண்டுமென்றால் கேழ்வரகு போடலாம்.

மலைக்கு சிமெண்டுச் சாக்கின் உள்காகிதம். கசக்கி, கஞ்சியில் நனைத்து, செங்கல் மேல் போர்த்திக் காயவிட்டால் பாறை மாதிரியே இருக்கும். குளத்துக்கு உடைந்த முகம்பார்க்கும் கண்ணாடி. பொம்மைகளைக் களிமண்ணில் பிள்ளைகளே செய்வதென்றால் நிழலில் ஒரு வாரம் காய வேண்டும், வெயிலில் வைத்தால் வெடிக்கும். எங்கள் குடிலில் கழுதைக்கு ஒரே காது. மற்றக் காது காயும்போது விழுந்துவிட்டது, செய்தவன் ஒட்ட விடவில்லை.

குழந்தை இயேசுவை 24 நள்ளிரவுக்குப் பிறகுதான் வைக்க வேண்டும், அதுவரை முன்னணையில் வைக்கோல் மட்டும். மூன்று ராஜாக்களை வீட்டின் இன்னொரு மூலையில் நிறுத்தி, தினமும் கொஞ்சம் நகர்த்தி, ஜனவரி 6-ஆம் தேதி குடிலுக்குக் கொண்டுசேர்ப்பது தம்பி மனைவியின் பழக்கம். போன தடவை ஒரு ராஜா டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு பிப்ரவரியில்தான் கிடைத்தார்.

கிறிஸ்மஸ் மரத்துக்கு?

சவுக்குக் கிளை. தோப்புக்காரரிடம் கேட்டு வாங்கி, வாளியில் ஈரமணல் போட்டு ஊன்றிவிடலாம். ஒரு வாரத்தில் ஊசி உதிர ஆரம்பிக்கும், ஆகவே 23-க்கு முன் வேண்டாம். அலங்காரத்துக்குப் பனங்குருத்தோலை போதும். மணப்பாட்டுப் பக்கம் பெண்கள் ஓலையில் செய்கிற பெட்டி, கொட்டான் மாதிரியெல்லாம் நமக்கு வராது. கிளி, கிலுக்கு, சின்ன ஸ்டார் வரும். சாயத்தண்ணீரில் ஓலையைக் கொதிக்கவைத்து எடுத்தால் நிறம் நன்றாகப் பிடிக்கும். பனி என்று சொல்லிப் பஞ்சைப் பிய்த்துப் போடுவார்கள் பிள்ளைகள். தேரிக்காட்டில் எங்கே பனி பெய்தது என்று நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பே இல்லையே?

இருக்காது. உள்ளே இருப்பது பாசிப்பயறு. அம்மா ஊரில் முந்திரி என்றால் திராட்சை. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம்தானே இருந்தது, மலையாளத்தில் இன்றைக்கும் திராட்சைக்கு முந்திரி என்றுதான் பெயர். மூன்று உருண்டை ஒட்டிக்கொண்டு பொரிந்து வரும்போது திராட்சைக் கொத்து மாதிரி இருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள் அங்கே. பருப்பைப் போட்டு "மேம்படுத்த" வேண்டாம்.

அரைக்கிலோ பாசிப்பயறு, 400 கிராம் வெல்லம், ஒரு தேங்காய்த் துருவல், 50 கிராம் எள், ஏலக்காய், ஒரு துண்டு சுக்கு. வெல்லத்தில் பாதியை உடன்குடிக் கருப்பட்டியாகப் போட்டால் வாசம் தனி. பயறு சிவந்து வாசம் வரும்வரை இளந்தீயில் வறுத்து, ரவைப் பதத்துக்குத் திரிக்க வேண்டும். மாவாக அரைத்தால் கடிக்க ஒன்றும் இருக்காது. தேங்காயை ஈரம் போக வறுக்காவிட்டால் மூன்றாம் நாள் சிக்கு வாடை அடிக்கும். மேல்மாவு பச்சரிசி மாவும் கொஞ்சம் மைதாவும், உப்பும் மஞ்சள்தூளும் போட்டு பஜ்ஜி மாவைவிட ஒரு துளி கெட்டியாக.

உருண்டை எண்ணெயில் உடைகிறது. என்ன தப்பு?

பாகு. பத்துக்கு ஒன்பது தடவை பாகுதான். வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டி, திரும்ப அடுப்பில் வைத்து ஒரு கம்பிப் பதம் வர வேண்டும். இரண்டு விரலில் தொட்டுப் பிரித்தால் ஒரு நூல் அறுந்துவிடாமல் நிற்க வேண்டும். நூல் வருவதற்கு முன்னாலேயே ஊற்றினால் உருண்டை உதிரும், எண்ணெய்க்குள் போனதும் சுக்கல். தாண்டிப்போனாலோ கல். கல்லான வருஷம் தாத்தா அதைக் காப்பியில் ஊறவைத்துச் சாப்பிட்டுவிட்டு, இதுதான் சரியான பதம் என்றார். வாயில் நாலு பல்தான் அவருக்கு.

சூடு ஆறுமுன் உருட்டிவிட வேண்டும். இதற்கு ஆள் பலம் வேண்டும், இரண்டு பேர் உட்கார்ந்தால் பாதிக் கலவை ஆறிப் புட்டு மாதிரி ஆகிவிடும். நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து, உள்ளங்கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு, நெல்லிக்காய் அளவு உருட்டி முறத்தில் வைத்துக்கொண்டே போக வேண்டும். கை சுடும். சுடவில்லை என்றால் நேரம் போய்விட்டது. உருட்டியதை ஓர் இரவு காற்றாட வைத்து மறுநாள் பொரியுங்கள். நாலைந்து உருண்டையை மாவில் போட்டு, மூன்று விரலால் மூன்றை ஒன்றாக அள்ளி எண்ணெயில் விட்டால் கொத்து தானாக வரும். ஈரக் கை படாமல் டின்னில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும்.

அச்சு முறுக்கு அச்சிலிருந்து விழ மாட்டேன் என்கிறதே?

புது அச்சா? அப்படியானால் ஒருநாள் கஞ்சித்தண்ணீரிலும் ஓர் இரவு எண்ணெயிலும் கிடக்கட்டும். முதல் நாலைந்து முறுக்கு எப்படியும் பிய்ந்துதான் வரும், பிள்ளைகள் தின்பதற்கென்றே அவை.

பழகின அச்சிலும் முறுக்கு சரியாக வராவிட்டால் மூன்று காரணம். ஒன்று, அச்சு சூடாகவில்லை. எண்ணெய் காயும்போதே அச்சும் அதற்குள் கிடந்து காய வேண்டும். எடுத்து மாவில் வைத்ததும் "சொய்" என்று ஒரு சத்தம் வர வேண்டும், சத்தம் வராவிட்டால் மாவு ஒட்டாமல் வழியும். ரொம்பச் சூடானாலும் மாவிலேயே வெந்து அங்கேயே விழுந்துவிடும். இரண்டாவது, அச்சை முழுக்க முக்கியிருப்பீர்கள். முக்கால் பங்குதான் முக்க வேண்டும். மாவு அச்சின் மேல்விளிம்பைத் தாண்டி மூடிவிட்டால் முறுக்கு அச்சைக் கவ்விக்கொள்ளும், ஈர்க்குச்சி வைத்துக் குத்தித்தான் எடுக்க வேண்டும். மூன்றாவது, மாவு நீர்த்துவிட்டது.

மாவுக்கு எங்கள் அளவு: நாலு டம்ளர் பச்சரிசி மாவு, ஒரு டம்ளர் சீனி, இரண்டு முட்டை, கெட்டித் தேங்காய்ப்பால் கரைக்கிற அளவு, எள், உப்பு. தோசை மாவைவிடக் கொஞ்சம் இளக்கம். சீனி கூடினால் சிவந்துவிடும், மொறுமொறுப்பு வராது. எண்ணெயில் அச்சை இறக்கி, அரை நிமிஷம் பொறுத்து, லேசாக ஒரு ஆட்டு ஆட்டினால் பூ தானே கழன்று மிதக்கும். அந்த ஆட்டுதான் கைப்பழக்கம். அம்மா ஆட்டுவது கண்ணுக்கே தெரியாது. நான் ஆட்டினால் எண்ணெய் தெறிக்கும்.

எதை முதலில் பொரிப்பது, எதைக் கடைசியில்?

உப்புப் பலகாரம் முதலில், இனிப்பு கடைசியில். முறுக்கு, தட்டை சுடுகிறவர்கள் அவற்றை முதலில், பிறகு அச்சு முறுக்கு, கடைசியாக முந்திரிக்கொத்து. வெல்லம் ஒரு துளி எண்ணெயில் கசிந்தாலும் கருத்துவிடும், அதற்குப்பின் அதில் சுடுவதெல்லாம் கருப்பு.

ஓவன் இல்லாமல் கேக் செய்யலாமா?

செய்யலாம். பழைய கனமான அலுமினியப் பாத்திரத்தில் ஒரு அங்குலத்துக்கு உப்பு அல்லது ஆற்றுமணல் பரப்பி, நடுவில் ஒரு தாங்கி வைத்து, மூடி பத்து நிமிஷம் காயவைத்து, கேக் தட்டை உள்ளே இறக்கி இளந்தீயில் ஒரு மணி நேரம். ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக் கூடாது.

முன்பெல்லாம் மாவை வீட்டில் கலக்கி, தட்டில் பெயர் எழுதிய சீட்டை ஒட்டி, பேக்கரி அடுப்புக்குக் கொடுத்துவிடுவோம். 23-ஆம் தேதி இரவு பேக்கரி வாசலில் பாதி ஊர் நிற்கும். ஒருமுறை சீட்டு உதிர்ந்துபோய் யார் வீட்டுக் கேக்கோ எங்களுக்கு வந்தது. எங்களுடையதைவிட நன்றாக இருந்ததால் அம்மா திருப்பிக் கேட்கவில்லை. இன்னொரு முறை எங்கள் தட்டை மறந்தே போய், கரியாக்கிக் கொடுத்தார்கள். அன்றைக்கு வந்த கோபத்தில் கற்றுக்கொண்டதுதான் இந்த உப்புப் பாத்திர வேலை.

பழம் ஊறவைக்க ரம் எங்கள் வீட்டுக்குள் வராது. ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்து குளிர்பெட்டியில் வைப்போம். ரம்மில் போட்டதுபோல மாதக்கணக்கில் தாங்காது, ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். நவம்பரிலேயே ஊறவைப்பது ரம்காரர்களுக்கும், பழத்தைச் சாறோடு கொதிக்கவைத்து ஆறியதும் உறைபெட்டியில் போடுகிற எங்களைப் போன்ற அவசரக்காரர்களுக்கும்தான். கறுப்பு நிறத்துக்குச் சீனியைக் கருக்கும்போது சுடுதண்ணீரைத் தூர நின்று ஊற்றுங்கள். சீறும்.

வீட்டில் ஒயின் போடுவீர்களா?

இல்லை. பழைய ஆட்கள் பரணி ஜாடியில் போட்டது உண்மைதான். 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது, அனுமதியில்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். ஒரு கிலோ பன்னீர் திராட்சையை அரை லிட்டர் தண்ணீரில் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, மசித்து வடித்து, கால் கிலோ சீனி கரைத்து, குளிர்பெட்டியில் வையுங்கள். நாலு நாளைக்குள் குடித்துவிட வேண்டும். கேக்குக்கு அதுவே போதும்.

அக்கம்பக்கத்துக்குத் தட்டு அனுப்பும்போது எதைக் கவனிப்பது?

முட்டை. அச்சு முறுக்கில் முட்டை உண்டு என்பது எல்லாருக்கும் தெரியாது. எங்கள் தெருவில் சைவக்காரர்கள் மூன்று வீடு. அவர்களுக்கென்று முட்டை போடாமல் முதல் ஈடு சுட்டு, தனி டின்னில் வைத்து, கொடுக்கும்போது சொல்லியும் கொடுப்போம். தீபாவளிக்கு அவர்கள் வீட்டு அதிரசம் வந்த தட்டுதான் கிறிஸ்மஸுக்குத் திரும்பிப் போவது. தட்டு வெறுமையாகத் திரும்பக் கூடாது என்பதால், உடனே கொடுத்தனுப்புகிறவர்கள் ஒரு கை சீனியாவது போட்டுவிடுவார்கள். காயல்பட்டினத்திலிருந்து அப்பாவின் பழைய கூட்டாளி வீட்டு வட்டலப்பம் (முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வேகவைக்கிற இனிப்பு) ரம்ஜானுக்கு வரும். அந்தத் தூக்குச்சட்டி டிசம்பர் வரை எங்கள் அலமாரியில்தான் காத்திருக்கும்.

கேரல் வருகிறவர்களுக்கு என்ன கொடுப்பது?

சுக்குக் காப்பி. கருப்பட்டி போட்டது. ராத்திரி ஒரு மணிக்கு முப்பது பேர் பாடிக்கொண்டு வாசலில் நிற்கும்போது பாலுக்கு எங்கே போவது? கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்டவருக்கு மட்டும் முதலில் கொடுங்கள், முகமூடிக்குள் வேர்த்துப்போய் நிற்பார். பஞ்சுத் தாடியை மைதாப் பசையால் முகத்தில் ஒட்டுகிற யோசனை யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள். எங்கள் அத்தான் ஒருவருக்கு அந்த யோசனை வந்தது. கிறிஸ்மஸ் ஆராதனையில் பாதி மீசையோடு உட்கார்ந்திருந்தார்.

கையால் செய்தால் செலவு மிச்சமா?

இல்லை. எண்ணெய் விலையைப் பாருங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுப்பது?

நிஜமான வேலை. ஓரத்தில் உட்காரவைத்துக் கலர் பென்சில் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் அடுப்படிக்கு வந்துவிடுவார்கள். ஏலக்காய் உரிப்பது, வெட்டின காகிதத்தை எண்ணுவது (22 வருகிறதா?), புல்லுக்குத் தண்ணீர் தெளிப்பது, எந்த வீட்டுக்கு எந்தத் தட்டு என்று சீட்டு எழுதுவது. ஆறு வயது வரை எண்ணெய்ச் சட்டிப் பக்கம் கூடாது. என் மகள் போன வருஷம் எழுதிய சீட்டில் "எதிர்வீட்டு மதினி: முட்டை உண்டு, கோபம் இல்லை" என்று இருந்தது. அந்த வீட்டோடு நாலு மாசமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து, தட்டு போன அன்றுதான் சரியாயிற்று.

ஸ்டாரை எப்போது இறக்குவது? இறக்கி என்ன செய்வது?

ஜனவரி 6 கழிந்ததும். காகிதத்தை ஈரத்துணியால் நனைத்துக் கிழித்துவிட்டு, சட்டத்தை மட்டும் பரணில் ஏற்றுங்கள். காகிதத்தோடு வைத்தால் பசைக்கு எலி வரும். எங்கள் சட்டம் 2011-இல் கட்டியது. ஒரு குச்சியைக் கறையான் தின்று, அந்த இடத்தில் அப்பா குடைக்கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார். குட்டைக் குச்சிகளில் இரண்டு, உடைந்த தொட்டிலிலிருந்து எடுத்தவை. முடிச்சுகளுக்கு அடியில் பழைய வருஷத்துக் காகிதத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும், மஞ்சள், பச்சை, 2023-இன் சேறும் கொஞ்சம். நவம்பர் கடைசியில் அதை இறக்குவதற்கு முன் அம்மா கீழே நின்று கம்பால் இரண்டு தட்டுத் தட்டுவாள். உள்ளே எலி குட்டி போட்டிருக்கிறதா என்று பார்க்க.